நாலு ஈத்து கண்ட ரூபி: சாட்ஸ்வொர்த் வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

போன ஆண்டு ஜூலையில், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில், சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து ஒரு குடும்பம் என்னைக் கூப்பிட்டது. உள்நாட்டில் மிட்லண்ட்ஸ் பக்கம் லாப்ரடார் வளர்த்துக் குட்டிகளை விற்கும் ஒரு பெண்மணி, ஆறு வயதான தன் பெண் நாயை இனிமேல் சினைப்படுத்துவதில்லை என்று முடிவு செய்திருந்தார். நாலு ஈத்து ஆகிவிட்டது. பணம் வேண்டாம், நல்ல வீடு கிடைத்தால் போதும் என்றார். குடும்பத்தின் கேள்வி ஒரே வரிதான்: எடுத்துக்கொள்ளலாமா?

அந்த ஒரு வரிக்குப் பதில் கிடைக்க ஆறு மாதம் ஆனது. குட்டி வாங்குவது பற்றித் தமிழில் எத்தனையோ பேர் பேசுகிறார்கள். குட்டி போட்டு ஓய்ந்த நாயை வீட்டுக்குக் கொண்டுவருவது பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. அதனால்தான் நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

நான் கால்நடை மருத்துவர் இல்லை. மதுரையிலிருந்து டர்பனுக்கு வந்தவள். பதினோரு ஆண்டுகளாக ஒரு விலங்குக் காப்பகத்தில் தன்னார்வலராக இருக்கிறேன். நாய் கேட்டு வருகிறவர்களின் வீட்டைப் போய்ப் பார்ப்பதும், நாய்க்கும் வீட்டுக்கும் ஒத்துப்போகுமா என்று சொல்வதும் என் வேலை. குடும்பத்தாரின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். அவர்கள் பெயரைச் சொல்லவில்லை. நாயின் பெயர் ரூபி. அதை மாற்ற எனக்கு மனம் வரவில்லை.

வீடும் வீட்டாரும்

சாட்ஸ்வொர்த்தைப் பார்த்தவர்களுக்கு அந்த வீட்டின் அமைப்பு உடனே புரியும். இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குழுப் பகுதிகள் சட்டத்தைக் காட்டி இந்தியர்களை நகரத்திலிருந்து பெயர்த்தெடுத்து, 1960களில் மலைச்சரிவுகளில் வரிசையாகக் கட்டிக் குடியேற்றிய வீடுகளில் ஒன்று. பின்னால் மேலே ஒரு மாடி எழுப்பியிருக்கிறார்கள். தெருவிலிருந்து வாசலுக்குப் பதினான்கு படி இறங்க வேண்டும். முற்றம் முழுக்க சிமென்ட். ஓரத்தில் ஒரு வாழை, ஒரு கறிவேப்பிலை, ஆயாவின் துளசி. உள்ளே பளபளவென்று வெள்ளை டைல்ஸ்.

நாலு பேர். எழுபத்தாறு வயது ஆயா, மகன், மருத்துவமனையில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் மருமகள், பதினொரு வயதுப் பேத்தி. ஆயாவின் தாத்தா வட ஆற்காட்டிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறி வந்தவர். வீட்டில் இன்று சரளமாகத் தமிழ் பேசுவது ஆயா மட்டும்தான். மகனுக்குக் கேட்டால் புரியும். பேத்திக்கு ‘வா’, ‘சாப்பிடு’, ‘போதும்’ தெரியும். பகலில் வீட்டில் இருப்பவரும் ஆயா ஒருவர்தான். இந்த ஆய்வில் அது முக்கியமான விஷயம்.

முன்பு இருந்த கலப்பின நாய் பதின்மூன்று வயதில் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அது முற்றத்திலேயே பிறந்து வளர்ந்தது போல வாழ்ந்து, முற்றத்திலேயே முடிந்தது.

நாலு பேரையும் தனித்தனியாக உட்காரவைத்து, எதற்கு நாய் வேண்டும் என்று கேட்டேன். இதை எந்த வீட்டிலும் விடமாட்டேன், ஏனென்றால் எல்லாரும் ஒரே நாயைத்தான் கேட்கிறோம் என்று நினைத்துக்கொண்டு வெவ்வேறு நாயைக் கேட்பார்கள். இங்கேயும் அப்படித்தான். மகனுக்குக் காவல் வேண்டும், அதற்கு முந்தைய ஆண்டு இரவில் பூட்டை உடைத்து ஆட்கள் உள்ளே வந்திருக்கிறார்கள். மருமகளுக்கு, பகலில் மாமியார் தனியாக இருக்கிறாரே என்ற கவலை. பேத்திக்குக் குட்டி வேண்டும், குட்டி இல்லையென்றால் ‘விளையாடும் நாய்’ வேண்டும். ஆயாவுக்கும் நாய் வேண்டும், ஆனால் உள்ளே வேண்டாம்.

“நாயி வாசல்ல இருக்கட்டும் கண்ணு. உள்ள வந்தா காமாட்சி விளக்கு எப்பிடி ஏத்துறது? புரட்டாசி வந்தா இன்னும் கஷ்டம்” என்றார்.

புரட்டாசி என்றால் இந்த ஊர்த் தமிழ்க் குடும்பங்கள் எத்தனை கறாராக இருக்கும் என்பதை இங்கே வந்துதான் பார்த்தேன். மாதம் முழுக்க மாமிசம் தொடமாட்டார்கள், பாத்திரத்தைக்கூடத் தனியாக வைப்பவர்கள் உண்டு. ஆகவே ஆயா சொன்னதை ‘பெரியவர்கள் அப்படித்தான்’ என்று ஒதுக்கிவிட முடியாது. வீட்டில் பாதி நேரம் நாயோடு இருக்கப்போகிறவர் அவர். அவருக்கு ஒப்பவில்லை என்றால் அந்த நாய்க்கு அங்கே இடமில்லை.

பண்ணையில் பார்த்தது

மிட்லண்ட்ஸில் ஹோவிக் என்ற ஊரைத் தாண்டி ஒரு பண்ணை. ஜூலைக் குளிரில் புல்லெல்லாம் பழுப்பேறிக் கிடந்தது, நாங்கள் போன காலையில் அதன்மேல் உறைபனி. மகனும் பேத்தியும் என்னோடு வந்தார்கள்.

ஒன்பது நாய்கள். சிமென்ட் தரை, படுக்க மரப்பலகை மேடை, சுற்றிக் கம்பிவலை. காலையும் மாலையும் புல்வெளியில் ஓடவிடுகிறார்கள். சுத்தமாக இருந்தது. நாய்கள், இன நாய்களைப் பதிவு செய்யும் தென்னாப்பிரிக்க கென்னல் யூனியனில் பதிவானவை. ரூபியின் நாலு ஈத்துக்கும் தேதியும் குட்டிக் கணக்கும் நோட்டில் இருந்தன: மொத்தம் இருபத்தேழு குட்டி. வயிற்றைக் கசக்கிக் காசு பார்க்கிற இடம் இல்லை அது. ஆனால் நாய்கள் சோஃபாவில் தூங்கும் வீடும் இல்லை. இரண்டுக்கும் நடுவே இப்படி நிறைய இடங்கள் இருக்கின்றன. அங்கேயிருந்து வரும் நாயை வீட்டு நாய் என்றும் நினைக்கக் கூடாது, சித்திரவதைப்பட்ட நாய் என்றும் நினைக்கக் கூடாது.

முதல் கேள்வி: ஏன் இப்போது நிறுத்துகிறீர்கள்? மார்ச் மாதப் பிரசவம் கஷ்டப்பட்டு சிசேரியனில் முடிந்திருக்கிறது, இத்தோடு போதும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அந்த மருத்துவக் குறிப்பையும் பெண்மணி எடுத்துக் காட்டினார். இது நல்ல பதில். ‘மற்ற நாய்களோடு ஒத்துப்போகவில்லை’, ‘கையைக் கடிக்க வந்தது’ என்று பதில் வந்திருந்தால் பேச்சு வேறு திசையில் போயிருக்கும்.

“லாப்ரடார்தானே, பழகிவிடும்” என்று அவர் சொன்னதை மட்டும் நான் ஏற்கவில்லை. இனம் ஒரு குணச்சாயலைத் தரும், அனுபவத்தைத் தராது. குட்டி பிறந்து மூன்றாவது வாரத்திலிருந்து ஏறத்தாழ பதினான்காவது வாரம் வரை எதையெல்லாம் பார்க்கிறதோ, கேட்கிறதோ, அதெல்லாம் அதற்கு ஆயுசுக்கும் சாதாரணமாகிவிடும். பார்க்காமல் விட்டவற்றை அப்புறம் ஒவ்வொன்றாகக் கற்றாக வேண்டும். ரூபி அதே பண்ணையில் பிறந்து, விற்காமல் வைத்துக்கொண்ட குட்டி. அதனால் அவள் எதையெல்லாம் அறியாதவள் என்று எழுதினேன். படிக்கட்டு. வழவழப்பான தரை. டிவி. குக்கர் விசில். மின்விசிறி. கழுத்தில் பட்டை கட்டித் தெருவில் நடப்பது. பள்ளிக்கூடப் பிள்ளைகள். மினிபஸ் டாக்சியின் ஹார்ன். கடைசியாக ஒன்று எழுதி அடிக்கோடு போட்டேன்: தனிமை. பிறந்த நாளிலிருந்து ஒரு ராத்திரிகூட அவள் பக்கத்தில் இன்னொரு நாய் இல்லாமல் தூங்கியதில்லை.

சாவிக்கொத்தைச் சிமென்டில் போட்டுப் பார்த்தேன். ரூபி துள்ளிப் போய் மூலையில் ஒட்டிக்கொண்டாள். அரை நிமிடம் போல ஆகியிருக்கும், மெதுவாக வந்து சாவியை மோந்தாள். நாய் திடுக்கிடுகிறதா என்று பார்த்துப் பயனில்லை, எல்லா நாயும் திடுக்கிடும். திரும்பி வர எத்தனை நேரம் எடுக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அடுத்த கூண்டில் ஏறக்குறைய அதே வயதில் இன்னொரு பெண் நாய் இருந்தது. சாவி விழுந்ததும் அது இடதுபக்கமாகச் சுற்ற ஆரம்பித்தது. நாங்கள் கிளம்புகிற வரைக்கும் சுற்றிக்கொண்டே இருந்தது. அதைக் கேட்டிருந்தால் இந்த வீட்டுக்கு வேண்டாம் என்று அன்றைக்கே சொல்லியிருப்பேன். அந்த நாயின் நினைப்பு இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

பெண்மணியிடம் பேசியதைவிடக் கென்னலைப் பார்த்துக்கொள்ளும் ஜூலுக்காரரிடம் பேசியதில்தான் நிறையத் தெரிந்தது. எட்டு வருடமாக அங்கே இருக்கிறார். ஜூலை வறட்சி மாதம், இடி கிடையாது. மிட்லண்ட்ஸில் கோடைகால இடி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், ஆனால் ரூபி அப்போது என்ன செய்வாள் என்பதை எங்களால் பார்க்க முடியாது. அவரிடம் கேட்டேன். முதல் இடிக்கே மேடைக்கு அடியில் போய்விடுவாள், ஊளையிடமாட்டாள், விடிகிற வரைக்கும் சாப்பிடமாட்டாள் என்றார். அவளுக்குத் தெரிந்த வார்த்தைகளெல்லாம் ஜூலு. ‘வோஸா’ என்றால் வா. ‘ஹ்லாலா’ என்றால் உட்கார். சாப்பாட்டு வாளியின் விளிம்பில் இரண்டு தட்டு தட்டினால் எங்கே இருந்தாலும் வருவாள் என்றும் சொன்னார். பேசும்போது அவர் கை அவள் காதைத் தடவிக்கொண்டே இருந்தது. பெண்மணிக்கு ரூபியின் மூன்று தலைமுறை தெரியும். இவருக்கு அவள் எந்தப் பக்கம் சாய்ந்து தூங்குவாள் என்று தெரியும். இந்த மாதிரி நாயை எடுக்கப் போகிறவர்கள், சோறு போடுகிறவரைப் பார்க்காமல் திரும்பி வரக் கூடாது.

உடம்பு சொன்னது

முழங்கைகளில் காய்ப்பு. சிமென்டில் படுத்த நாய்க்கு அது இருக்கும், பயப்பட வேண்டியதில்லை. மேல் கோரைப் பற்களின் பின்பக்கம் தேய்ந்திருந்தது. கம்பியைக் கடித்து இழுக்கும் நாய்க்குத்தான் பல் அந்த இடத்தில் தேயும். ஏதோ ஒரு காலத்தில் அவள் மணிக்கணக்காகக் கம்பியோடு போராடியிருக்கிறாள். ‘அமைதியான நாய்’ என்று சொன்னதற்கு அடியில் இப்படி ஒன்றும் இருந்தது.

மடியை ஒவ்வொரு காம்பாக விரலால் தடவிப் பார்த்தேன். கடைசி ஜோடியில் இடதுபக்கம் பட்டாணி அளவில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. பால் வற்றிய மடியில் வரும் தடிப்பா, வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியாது. மருத்துவரிடம் காட்டினோம். கருத்தடை செய்யும்போதே அதையும் எடுத்துச் சோதனைக்கு அனுப்பலாம் என்றார்.

பலரும் தவறாக நினைப்பது ஒன்று இங்கே இருக்கிறது. ‘கருத்தடை செய்துவிட்டால் மடியில் புற்றுநோய் வராது’ என்பார்கள். முதல் பருவத்துக்கு முன்பே செய்தால்தான் அந்த ஆபத்து பெருமளவு குறையும். ஆறு வயதில், நாலு ஈத்துக்குப் பிறகு செய்வதில் அந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் கிடைக்காது. ஆகவே இவள் மடியை ஆயுசு முழுக்க மாதம் ஒரு முறையாவது தடவிப் பார்த்தாக வேண்டும். அப்படியென்றால் கருத்தடை எதற்கு? கர்ப்பப்பையில் சீழ் பிடிக்காமல் இருக்க. கருத்தடை செய்யாத பெண் நாய்களில் ஐந்தில் ஒன்று முதல் நான்கில் ஒன்று வரை பத்து வயதுக்குள் இந்த நோய்க்கு ஆளாவதாக ஸ்வீடனின் காப்பீட்டுப் பதிவுகள் காட்டின. பருவம் முடிந்து சில வாரங்களில் வரும். கவனிக்காமல் விட்டால் உயிர் போகும்.

மற்றவை சுருக்கமாக. ரேபீஸ் ஊசி அட்டையைப் பார்த்தோம். தென்னாப்பிரிக்காவில் நாய்க்கும் பூனைக்கும் அது சட்டப்படி கட்டாயம், டர்பன் இருக்கும் குவாசுலு-நடால் மாகாணத்தில் இந்த நோய் இன்னும் ஓயவில்லை. உண்ணியால் வரும் பிலியரி காய்ச்சல் அவளுக்கு இரண்டு வயதில் ஒரு முறை வந்து குணமாகியிருந்தது. ஈறு வெளுத்தாலோ சிறுநீர் கறுத்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் ஓட வேண்டும் என்று மருமகளிடம் சொன்னேன், அவர் நோட்டில் எழுதிக்கொண்டார். சாணி வண்டு மூலம் பரவி உணவுக்குழாயில் கட்டி உண்டாக்கும் புழு ஒன்று இந்தப் பகுதியில் உண்டு. மாட்டுப் பண்ணை நாய் என்பதால் மார்பு எக்ஸ்ரே எடுத்தோம், ஒன்றும் இல்லை. இடுப்பு எக்ஸ்ரே திருப்தி. பதினான்கு படி இருக்கும் வீட்டுக்கு இதைப் பார்க்காமல் சம்மதம் சொல்ல முடியாது.

கருத்தடைச் செலவைப் பெண்மணி ஏற்றார். பல் சுத்தமும் எக்ஸ்ரேயும் குடும்பத்தின் செலவு. ‘இலவசமாகக் கிடைக்கிறது’ என்ற பேச்சு அன்றோடு நின்றது, அது நல்லதும்கூட.

எடுக்கலாமா என்ற விவாதம்

ஆகஸ்டில் ஆயா வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் பேசினோம்.

2011இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, வணிகக் கூண்டுகளில் குட்டி போட வைத்திருந்து பிறகு வீடுகளுக்குப் போன 1,169 நாய்களை ஆராய்ந்தது. மற்ற வீட்டு நாய்களைவிட அவற்றுக்குப் பயம் அதிகம், வீட்டுக்குள் அசுத்தம் செய்வது அதிகம், ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதும் அதிகம். ஆனால் அந்நியர் மீதும் மற்ற நாய்கள் மீதும் சீறுவது குறைவு. அந்தக் கூண்டுகளோடு இந்தப் பண்ணையை அப்படியே ஒப்பிட முடியாது. ஆனாலும் நாங்கள் எந்தப் பக்கம் கவனமாக இருக்க வேண்டும் என்பதை அது சொன்னது. மகனுக்கும் அதில் ஒரு பதில் இருந்தது: அந்நியரைப் பார்த்துச் சீறாத நாய் காவலுக்கு வராது.

இதை நான் பூசி மெழுகவில்லை. “தம்பி, இவள் குரைக்கமாட்டாள். திருடன் வந்தால் ஒளிந்துகொள்வாள். அது தெரிந்துதான் எடுக்கிறேன் என்று வாயால் சொல்லுங்கள்” என்றேன். அவர் நாலு நாள் கழித்துக் கூப்பிட்டுச் சொன்னார். அந்த நாலு நாளில் வாசல் கதவுக்கு இரும்புக் கிரில்லும் அலாரமும் போட ஆளைப் பிடித்திருந்தார். காவலுக்கு அதுதான் சரியான வழி.

மருமகள் கேட்டது இன்னும் கடினமான கேள்வி. இவளை நாம் எடுத்துக்கொண்டால் அந்தக் கூண்டு காலியாகி அங்கே இன்னொரு நாய் வரும், அப்போது அதற்கு நாமும் துணைபோவதாக ஆகாதா? காப்பகத்தில் ராத்திரியெல்லாம் குரைக்கும் நாய்களைப் பார்க்கிறவள் நான், எனக்கும் அது உறுத்தும். அந்தப் பெண்மணியின் தொழிலுக்கு நாம் காசு தரவில்லை என்பது உண்மை. கூண்டு காலியாவதும் உண்மைதான். என் முடிவு இது: நாய் வளர்த்து விற்கிறவர் ஓய்ந்த நாயை என்ன செய்கிறார் என்பதைக் கூர்ந்து பார்க்க வேண்டும். கணக்கைத் திறந்து காட்டி, மருத்துவச் செலவை ஏற்று, ஒத்துவரவில்லை என்றால் எத்தனை வருடம் கழித்தும் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று எழுதித் தருகிறவரிடமிருந்து எடுக்கலாம். அதில் ஒன்றுக்குத் தயங்கினாலும் எடுக்கக் கூடாது. இவர் மூன்றையும் செய்தார்.

ஆயா கடைசியில்தான் பேசினார். “இருவத்தேழு குட்டியும் எங்க இருக்குது?” என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவர், “வாசல்ல கட்டிப்போட வேணாம். இத்தினி நாளு கூட்டமா இருந்தவள ஒத்தையில கட்டினா ஏங்கிப்பூடும்” என்றார். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முற்றத்தில் தனியாக விட்டால் இந்த நாய் தேறாது என்று எப்படி அவரிடம் சொல்வது என்று ஒரு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தவள் நான். சாமி அறைக்கு முழங்கால் உயரத்தில் ஒரு மரக்கதவு போடுவது என்று முடிவானது.

தள்ளிப்போட்டது

ஆகஸ்ட் கடைசியில் கருத்தடை முடிந்தது. கட்டி கெட்டதில்லை என்று முடிவு வந்தது. பேத்தி அடுத்த சனிக்கிழமையே போய்க் கூட்டிவரலாம் என்றாள். நான்தான் வேண்டாம் என்றேன்.

சாட்ஸ்வொர்த் தீபாவளியைப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும். ஒரு வாரம் முன்பே வெடி ஆரம்பித்துவிடும், மலைச்சரிவில் எதிரொலித்து இரண்டு மடங்காகக் கேட்கும். அதையொட்டி நவம்பர் 5ஆம் தேதி, பிரிட்டிஷ்காரர்கள் விட்டுப்போன ‘கை ஃபாக்ஸ்’ நாள் வெடி வேறு. பண்ணை அமைதியில் ஆறு வருடம் இருந்த நாயைச் செப்டம்பரில் கொண்டுவந்து, வீடு என்றால் என்ன என்று அவள் புரிந்துகொள்வதற்குள் அந்தச் சத்தத்தில் விட்டால், வீடென்றால் வெடி என்று அவள் மனதில் பதிந்துவிடும். அதை எடுக்க வருடக்கணக்கு ஆகும். பெண்மணி நவம்பர் மூன்றாவது வாரம் வரை வைத்துக்கொள்ளச் சம்மதித்தார். அதோடு இன்னொன்றும் பேசிக்கொண்டோம்: வந்த பிறகும் புத்தாண்டு இரவைத் தாண்டும்வரை அது வெள்ளோட்டம்தான். அதற்கு முன் யாரும் கையெழுத்துப் போடக் கூடாது.

வெள்ளோட்டம்

இதில் வரும் கணக்கெல்லாம் பேத்தியின் நோட்டிலிருந்து எடுத்தது. நேரம் போட்டு எழுதுவது அவள் பொறுப்பு.

ரூபி வந்த அன்று படிக்கட்டின் உச்சியில் உறைந்து நின்றுவிட்டாள். 31 கிலோ. மகன் தூக்கிக்கொண்டு இறங்கினார். பண்ணையிலிருந்து ஜூலுக்காரர் அவளுடைய பழைய கம்பளியைத் துவைக்காமல் கொடுத்தனுப்பியிருந்தார். துணி துவைக்கும் தொட்டிக்குக் கீழே அதை விரித்ததும் உள்ளே போய்ப் படுத்தவள், இரண்டு நாள் அந்த இடத்தைவிட்டு அதிகம் நகரவில்லை.

முதல் நாளே சமையலறை டைல்ஸில் மூன்று முறை சிறுநீர். ஆயாவுக்கு முகம் சுருங்கியது. பிறந்ததிலிருந்து சிமென்டில்தான் போயிருக்கிறாள், கெட்டியான தரை எல்லாமே அவளுக்குக் கழிப்பிடம். ஆனால் பண்ணைப் புல்வெளியிலும் போய்ப் பழக்கம் இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டோம். நர்சரியில் புல்தரைத் துண்டுகள் வாங்கி முற்றத்து மூலையில் பரப்பினோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அங்கே கூட்டிப்போவது, போனால் ஒரு துண்டு கோழிக்கறி. வீட்டுக்குள் நடக்கும் வழியெல்லாம் பழைய பாய், மிதியடி. அதனால் கால் வழுக்கவுமில்லை, தரை கழிப்பிடம் போலத் தெரியவுமில்லை. பதினாறாவது நாளுக்குப் பிறகு நோட்டில் அந்தப் பத்தியில் கோடு மட்டும்தான் இருக்கிறது.

ராத்திரிதான் கஷ்டம். முதல் இரவு முனகல் நிற்கவில்லை. மகன் கூடத்தில் மெத்தையைப் போட்டுக்கொண்டு தொட்டிக்குப் பக்கத்தில் படுத்தார். அடங்கினாள். ஒன்பது இரவு அப்படிப் படுத்து, நாளுக்குக் கொஞ்சம் மெத்தையைத் தள்ளிக்கொண்டே போனார். இந்த ஒன்பது இரவுக்கு வீட்டில் ஆள் இல்லை என்றால் கூண்டில் வாழ்ந்த நாயை எடுக்கவே வேண்டாம் என்று இப்போது எல்லாரிடமும் சொல்கிறேன்.

ஆறாவது நாள் பயந்தது நடந்துவிட்டது. பார்சல் கொண்டுவந்தவர் தெருக் கேட்டைத் திறந்து வைத்திருக்கிறார். புல்லுக்குப் போக வெளியே வந்த நேரம் பார்த்து டாக்சி ஒன்று ஹார்ன் அடிக்க, ரூபி ஓடிவிட்டாள். படிக்கட்டைக் கண்டு நடுங்கியவள் பதினான்கு படியையும் எப்படி ஏறினாளோ தெரியவில்லை. மருமகள் எனக்குக் கூப்பிட்டார், நான் போவதற்குள் தெருவே தேடிக்கொண்டிருந்தது. ஆளாளுக்கு அவள் பெயரைக் கத்தினார்கள். கத்தக் கத்த அவள் இன்னும் உள்ளே ஒளிவாள் என்று சொல்லி அடக்கினேன். இரண்டு வீடு கீழே, அவகாடோ மரத்தடியில் பலகைகளுக்குப் பின்னால் இருந்தாள். ‘வோஸா’ என்றார் மகன், அசையவில்லை. ஆயா அந்த வீட்டுப் படியில் போய் உட்கார்ந்து, கையோடு கொண்டுவந்த வாளியின் விளிம்பில் இரண்டு தட்டு தட்டினார். “வா ரூபி, வா” என்று ஒரே ஒரு முறை சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து மூக்கு தெரிந்தது, அப்புறம் தலை. வயிறு தரையில் உரச வந்து ஆயாவின் கால்மாட்டில் படுத்தாள்.

அந்த ஓட்டத்துக்கு நானும் பொறுப்பு. வீடு பார்க்கப் போனபோதே இரண்டாவது கேட் போடச் சொல்லியிருக்க வேண்டும். கூண்டிலிருந்து வரும் நாய் முதல் மாதத்தில் நழுவி ஓடுவது எனக்குத் தெரியாத விஷயமில்லை. பதினான்கு படி இருக்கிறதே, ஏறமாட்டாள் என்று விட்டுவிட்டேன். மறுநாளே படிக்கட்டின் அடியில் ஒரு கேட் போட்டார்கள். வெளியே போகும்போது கழுத்துப் பட்டையோடு, மார்போடு சேர்த்துக் கட்டும் ஹார்னஸும்.

இன்னொன்றிலும் தவறினேன். பேத்தியை நான் தயார்ப்படுத்தவில்லை. ஒரு மாதம் வரை ரூபி அவள் பக்கமே போகவில்லை, பள்ளிவிட்டு அவள் வந்தால் எழுந்து தொட்டிக்கடியில் போய்விடுவாள். அந்தப் பெண் ராத்திரியில் அழுதிருக்கிறாள், எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. நோட்டில் 27ஆம் நாள் பக்கத்தில் நேரக் கணக்கெல்லாம் எழுதிவிட்டு அடியில், ‘இன்று என்னைப் பார்த்து வாலை ஆட்டினாள், ஒரு தடவை’ என்று எழுதியிருக்கிறாள். அதைப் படித்துவிட்டு என்னால் அந்த நோட்டை உடனே மூட முடியவில்லை.

புத்தாண்டு இரவுக்கு மருத்துவரிடம் முன்னதாகவே மருந்து வாங்கினோம். உடம்பை மட்டும் மந்தமாக்கிப் பயத்தை அப்படியே விட்டுவிடும் மாத்திரை வேண்டாம், பயத்தைக் குறைப்பது வேண்டும் என்று கேட்டு வாங்கினோம். தொட்டியைச் சுற்றிக் கனத்த போர்வைகளைத் தொங்கவிட்டு, ரேடியோ போட்டு, ஆயா நாற்காலியைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பதினொன்றிலிருந்து இரண்டு மணி வரை நடுங்கினாள். ஊளையிடவில்லை, கதவைப் பிறாண்டவில்லை. காலை ஆறரைக்குச் சாப்பிட்டாள்.

ஜனவரி இரண்டாவது வாரம் பெண்மணி நேரில் வந்தார். பதிவுத் தாளை மாற்றினார்கள், மைக்ரோசிப்பில் இருந்த பெயரையும் தொலைபேசி எண்ணையும் மாற்றினார்கள். பலர் முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதை மறந்துவிடுவார்கள், நாய் தொலைந்தால் போன் பழைய ஆளுக்குப் போகும். திரும்ப ஒப்படைக்கும் உறுதியில் இரண்டு பேரும் கையெழுத்திட்டார்கள்.

இப்போது

ஆறு மாதம் ஆகப்போகிறது. மாடிப்படி இன்னும் ஏறுவதில்லை. வாசல் படியில் இறங்குகிறாள், ஏறுவதற்குத் தயங்கி ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பாள், யாராவது முன்னால் போனால் வருவாள். குக்கர் விசிலுக்கு இப்போது தலையைத் தூக்கிப் பார்ப்பதோடு சரி. அந்நியர் வந்தால் குரைப்பதில்லை. மகன் அதைப் பற்றிப் பேசுவதும் இல்லை. மடியை மாதம் முதல் ஞாயிறன்று மருமகள் தடவிப் பார்க்கிறார். மே மாதத்தில் வலதுபக்கம் ஏதோ தட்டுப்பட்டு ஒரு வாரம் எல்லாரும் தூங்கவில்லை, கொழுப்புக் கட்டி என்று தெரிந்தது.

சாயங்காலம் ஆயா விளக்கேற்றும்போது ரூபி மரக்கதவுக்கு வெளியே வந்து படுத்துக்கொள்கிறாள். அதை ஒரு நாள் நான் பார்த்துக்கொண்டிருந்தபோது, நான் கேட்காமலே ஆயா சொன்னார்: “பைரவரு நாயோடதானே நிக்கிறாரு.”

அடுத்த கவலை இந்த ஆண்டுத் தீபாவளி. பண்ணையிலேயே மூன்று நாள் விடலாமா என்று மகன் கேட்டார். எனக்கு அது சரியாகப் படவில்லை. இந்த வீடுதான் தன் வீடு என்று இப்போதுதான் நம்பத் தொடங்கியிருக்கிறாள், திரும்பவும் கூண்டில் விட்டால் அவளுக்கு என்ன புரியும்? உம்சிண்டோ பக்கம், கரும்புக் காட்டு நடுவில் ஆயாவின் தங்கை மகள் வீடு இருக்கிறது. வெடிச்சத்தம் அங்கே அதிகம் இல்லை. ஆயா தானே ரூபியோடு போய் இருந்துவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். கல்யாணமாகி வந்ததிலிருந்து ஒரு தீபாவளிக்கும் அவர் தன் வீட்டை விட்டுப் போனதில்லை. அப்போ விளக்கு, ஆயா என்று கேட்டேன்.

“அங்க ஏத்திக்கிறேன் கண்ணு” என்றார்.